தழும்பில்லாத குடும்பம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: குடும்பத் தலைவர் சங்கிலிவேல், அவருடைய தம்பி தவசிமணி, தம்பி மகள் பூரணி, அவளை நிச்சயம் செய்ய வந்த மாப்பிள்ளை இனியன், இனியனின் தந்தை அருமைநாயகம். தட்டு மாற்றும்போது கூட்டம் சேர்ப்பது அந்த வீட்டு வழக்கமல்ல.

ஐவரின் விலாவுக்கடியிலும் தாளச்சீரி இருந்தது. இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டால், பொத்தான் அளவுள்ள அந்தக் கருவி ஒரு துளி மருந்தை இரத்தத்தில் விடும். இதயத்தின் மின்னோட்டம் நிதானப்படும், படபடப்பு அடங்கும். இதயத்தில் தழும்புள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது; வீட்டில் அப்படி யார் என்பதைக் குடும்பத் தலைவர்தான் சொல்ல வேண்டும். கூடத்துச் சுவரில் பதிந்திருக்கும் பேசும் கருவியிடம் அவர் சொல்லும் வாக்கு ஊர்ப்பலகையில் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தம் பேசுகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

"எங்கள் வீட்டில் தழும்புள்ள இதயம் கிடையாது" என்பது சங்கிலிவேலின் வாக்கு. இரண்டு வருடம் முன்பு தவசிமணிக்கு வந்து, இதயத்தில் தழும்பை விட்டுப்போன மாரடைப்பை வாயுப்பிடிப்பு என்று வெளியே சொல்லியிருந்தார்கள்.

தட்டை நீட்டிய தவசிமணி அதைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"என்ன சம்பந்தி, பொண்ணக் குடுக்க மனசில்லையோ?" என்று சிரித்தார் அருமைநாயகம்.

"அண்ணே... நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடுது."

படபடப்புக்கு ஒரு துளி இறங்கியிருந்தது. நல்ல இதயத்தை அமைதிப்படுத்தும் மருந்து அங்கே வேறு வேலை செய்தது. மெதுவாகிப்போன மின்னோட்டம் தழும்பைச் சுற்றி, வந்த வழிக்கே திரும்பி, வட்டமடிக்கத் தொடங்கியது. துடிப்பு பிசகியது. கருவி இன்னொரு துளி விட்டது. பிசகு கூடியது. இன்னொரு துளி.

தவசிமணி சரிந்தார். இனியன் மருத்துவ வண்டியை அழைத்தான். வந்து சேரப் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள்.

"பெரியப்பா, அப்பாவுக்குத் தழும்பு இருக்குன்னு சொல்லிருங்க!" என்று பூரணி கதறினாள்.

சங்கிலிவேல் சம்பந்தியை ஒருமுறை பார்த்தார். அதற்குள் மேலும் ஒரு துளி இறங்கியது. பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "என் தம்பி இதயத்துல தழும்பு இருக்கு. மருந்த நிறுத்து."

"வாக்கு மாற்றம் பதிவானது. நாளை நடப்புக்கு வரும்" என்றது சுவரின் பெண்குரல்.

நிச்சயத்தன்று யாரும் வாக்கை மாற்றி ஏமாற்றக் கூடாதென்று ஊர்க்கூட்டத்தில் வாதாடி அந்த விதியைக் கொண்டுவந்தவர் சங்கிலிவேல்தான்.

"இப்பவே நிறுத்து."

"நாளை நடப்புக்கு வரும்."

"நிறுத்தும்மா... உனக்குப் புண்ணியமாப் போகும்." அவர் யாரிடமும் கெஞ்சி அந்த வீடு பார்த்ததில்லை.

சுவர் அதையேதான் சொன்னது. வண்டி வந்தபோது தவசிமணி இல்லை.

தாளச்சீரியில் மருந்து கெட்டுப்போயிருந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. மருந்தில் குறையில்லை. தம்பியின் தலையை மடியில் வைத்திருந்த சங்கிலிவேலுக்குள்ளும் அதே மருந்துதான் இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய துடிப்பு நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. ஒன்றுகூடத் தவறவில்லை.