வட்டக் கோயிலை மறுபக்கமாய்ச் சுற்றியவள்

“தம்பியின்ரை கையை விடாதை எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“நான் விடேல்லை அம்மா. அவன்தான் உருவிக்கொண்டு போட்டான்.”

“அண்ணை, நீங்களாவது பாத்திருக்கலாம். நீங்கள்தானே எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது.”

“தங்கச்சி, நான் பஸ் பிடிச்சனான். பிள்ளை பிடிக்கிறதும் நானோ?”

இத்தாலியின் ரவென்னா நகரில், ஆயிரத்தைந்நூறு வருடப் பழைய வட்டமான தேவாலயத்தின் வாசலில்தான் இவ்வளவு சத்தமும். பாரிஸில் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஞானசுந்தரம், பழைய தேவாலயங்களைக் காட்டுகிறேன் என்று ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றி வந்திருந்தார். வழியில் சாப்பாடும் உண்டு என்றால் லா சப்பல் சனம் எந்தக் கோயிலுக்கும் வரும்.

உள்ளே கூரை முழுக்கப் பொன்னும் நீலமுமாய்ச் சின்னச் சின்னக் கற்கள் பதித்த படங்கள். மயில்கள், ஆட்டுக்குட்டிகள், நட்சத்திரங்கள். அதில் எத்தனை பவுண் இருக்கும் என்று தில்லைநாயகி வாய்க்குள் கணக்குப் போட்டாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே பார்க்க ஒருவருமில்லை. அந்த நேரத்தில்தான் அவளுடைய ஐந்து வயது மகன் பிருந்தாபன் நழுவிவிட்டான்.

பழி அக்கா சாம்பவிமேல் விழுந்தது. இனி ஒரு பயணத்துக்கும் அவளைக் கூட்டிவருவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். அடுத்த வருடப் பயணம் ரோமாபுரிக்கு. சாம்பவி அதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆனால் பக்கத்துத் தெருவில் கார்கள் பறந்தன. ரோமாபுரியைப் பிறகு பார்க்கலாம், முதலில் தம்பி.

பெரியவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி தேவாலயத்தைச் சுற்றி ஓடினார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிள்ளையைக் காணோம். ஞானசுந்தரத்துக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

சாம்பவி நின்று யோசித்தாள். பதறிய நேரத்திலும் பெரியவர்கள் கோயிலை வலக்கைப் பக்கம் வைத்தே ஓடுகிறார்கள். தம்பிக்கும் அம்மா அப்படித்தான் பழக்கியிருக்கிறாள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைக்கூட அவன் வலமாகத்தான் சுற்ற முயல்வான். அவனும் இதைத்தான் ஓடி ஓடிச் சுற்றுகிறான் என்றால்?

அவள் மறுபக்கம் திரும்பினாள்.

“எடி, இடப்பக்கமாய்ச் சுத்தக்கூடாது,” என்றாள் அம்மா.

“அம்மா, அவனும் வலமாய்ப் போறான், நீங்களும் வலமாய்ப் போறியள். விடிய விடிய ஓடினாலும் பிடிக்கேலாது.”

பாதி வட்டம்கூடப் போகவில்லை. தலைக்குமேல் கைகூப்பியபடி, திருவிழாவுக்கு வந்தவன் போல எதிரே ஓடி வந்தான் பிருந்தாபன்.

“அக்கா, நீ பிழையான பக்கம் வாறாய்,” என்றான்.

சாம்பவி அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தது லா சப்பல் கூட்டம். தில்லைநாயகி முதலில் மகனைக் கொஞ்சினாள், பிறகு மகளைக் கட்டிக்கொண்டாள். அவன் மட்டும் அசையவில்லை. இன்னும் ஒரு சுற்று மிச்சமாம். ஆகவே சாம்பவி முன்னே நடக்க, பஸ் முழுதும் பின்னே நடந்து அதையும் முடித்தது. இத்தாலிக்காரர்கள் கைதட்டினார்கள்.

ரோமாபுரிப் பயணத்தில் ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள முதல் இருக்கை சாம்பவிக்குத்தான் கிடைத்தது. அதை அம்மாவே பிடித்து வைத்தாள்.

ஞானசுந்தரம் பிறகு பாரிஸின் புறநகரான பொபினிக்குக் குடிபோய் அங்கே கடை திறந்தார். மறுபக்கம் சுற்றியது தன்னுடைய யோசனை என்று அங்கே சொல்கிறாராம். பஸ்ஸில் வந்தவர்கள் அந்தக் கடைக்குப் போனால், சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தரிக்காய் வாங்கி வருகிறார்கள்.