சர்க்கரை ஏறாத இனிப்பு

காலை 9.10. இரத்தப் பரிசோதனைத் தாளை இன்ஸ்பெக்டர் மூன்றாம் முறையாகப் படித்தாள். கணக்கு உதைத்தது.

இறந்தவர் எழுபத்தோரு வயதுக்காரர். இதயத்துக்கு டிஜாக்சின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். செடியின் இலையிலிருந்து எடுக்கும் ஸ்டீராய்டு வகை மருந்து அது. காப்பாற்றும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் மயிரிழைதான் தூரம். நேற்று முழுக்க வாந்தி, பார்த்ததெல்லாம் மஞ்சள், பிறகு இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றது. மருந்து மிஞ்சியதன் அடையாளங்கள் அத்தனையும் இருந்தன. ஆனால், உயிர் இருந்தபோதே ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தத்தில் மருந்து சரியான அளவில்தான் இருந்தது.

10.30. இறந்தவரின் வீடு. மூலையில் அவரை வீட்டோடு கவனித்துவந்த நர்ஸ் அழுதுகொண்டிருந்தாள்.

"கொன்னுட்டு குத்துக்கல்லாட்டம் நிக்கிறா பாருங்க!" மகன் கத்தினான். "உள்ள தள்ளுங்க மேடம். இனி இவ ஊசியைத் தொடவே கூடாது."

"மாத்திரை கணக்குல ஒண்ணுகூடக் குறையலையே?"

"வெளியில வாங்கியிருப்பா."

நர்ஸின் நோட்டை இன்ஸ்பெக்டர் புரட்டினாள். மூன்று வாரமாகக் கால் வீக்கம், ஏறும் இரத்த அழுத்தம், கெண்டைக்கால் பிடிப்பு. சர்க்கரை மட்டும் சமர்த்தாக இருந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"சார்கிட்ட சொன்னேன். தானே போன் பண்ணிட்டதா சொன்னாரு."

"மறந்திருப்பேன்," என்றான் மகன்.

"சாப்பாடு யார் கொடுப்பா?"

"நான்தான் மேடம். ஃபிளாஸ்க் டீ மட்டும் சார் கொண்டு வருவாரு. 'சர்க்கரை வியாதிக்காரனுக்கு இப்படி இனிப்பா டீ குடுக்கிற புள்ள யாருக்கும்மா கிடைப்பான்?'னு பெரியவர் பெருமையடிச்சுப்பாரு."

ஃபிளாஸ்க்கின் அடியில் ஒரு வாய் மிச்சம். இன்ஸ்பெக்டர் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். தித்திப்பு.

"என்ன தொழில் பண்றீங்க?"

"இருமல் மிட்டாய் கம்பெனி. அப்பா ஆரம்பிச்சது. அடுத்த வாரம் தங்கச்சி பேருக்கு மாத்துறதா இருந்தாரு."

அலமாரியில் அதே மிட்டாய் டப்பா. அடியில் பொடி எழுத்தில்: 'அதிமதுரச் சாறு சேர்ந்தது. இதய மருந்து சாப்பிடுபவர்கள் தவிர்க்கவும்.'

11.05. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "அதே இரத்தத்துல பொட்டாசியம் எவ்வளவு?"

"அதலபாதாளத்துல. அது வேற தாள்ல வந்துச்சு; மருந்து அளவைப் பார்த்துட்டு அதை யாருமே கவனிக்கலை."

போனை வைத்துவிட்டு டப்பாவை அவன் முன் நீட்டினாள். மகனின் உதடு கோணிற்று.

"ஆயுசு முழுக்க நான் குடுத்ததையெல்லாம் துப்பினவர் மேடம். இதை மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிச்சாரு. கடைசி டம்ளருக்கு நன்றிகூடச் சொன்னாரு."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அவளிடம் திரும்பினாள்.

"உங்க மேல தப்பில்லைம்மா. இதயத்தோட ஒவ்வொரு செல்லுலயும் உப்பை வெளியே இறைக்கிற பம்ப் இருக்கு. அதுல ஒட்ட இந்த மருந்தும் பொட்டாசியமும் போட்டி போடும். பொட்டாசியம் இருக்கிறவரைக்கும் மருந்து அடங்கி நிக்கும். அதிமதுரம் உப்பையும் தண்ணியையும் உடம்புலயே தேக்கும், அதான் வீக்கம். பொட்டாசியத்தைச் சிறுநீர்ல தள்ளிடும்; அதான் கால் பிடிப்பு. சர்க்கரை ஏறாத இனிப்பும் அதுதான். மாத்திரையை யாரும் கூட்டலை. டீயில அதிமதுரத்தைக் கலந்து பொட்டாசியத்தை இவர் குறைச்சாரு. அளவான மாத்திரையே கொன்னுடுச்சு."