ஆளெண் ஒன்று

எமரென்சியா அன்றும் ஆளெண்ணை ஒன்றில் வைத்துவிட்டுத்தான் கிட்டாரை எடுத்தாள். காலடியில், கிட்டாரோடு இணைத்த சின்னப் பெட்டியான எதிரொலி மிதியின் பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், காலி அறையில் ஒருவர் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது.

தூத்துக்குடியில் அந்த மிதி இல்லாத இசைக்குழுவே இப்போது கிடையாது. வாசித்த சுரத்தை நாலு விநாடி தாமதித்துத் திருப்பிச் சொல்லும். குளியலறையில் வாசித்தாலும் தேவாலயத்துக்குள் வாசித்த மாதிரி முழங்க வைக்கும். ஆனால் அது பறபறவென்று விற்றது ஆளெண் திருகுக்காகத்தான். மனித உடம்பு சத்தத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். கூட்டம் நிறைந்த மண்டபத்தில் எதிரொலி சீக்கிரம் அடங்குவது அதனால்தான். மிதி அறையில் நிஜமாக எத்தனை பேர் என்று அளந்து, நாம் கேட்ட எண்ணிக்கைக்குக் குறைகிற அளவு மட்டும் அடக்கும். ஐந்நூறு என்று வைத்தால் ஈ காக்காய் இல்லாத மண்டபத்திலும் நிறைந்த சபையில் வாசிக்கும் சுகம். நம் கலைஞர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எமரென்சியாவுக்கு ஐந்நூறு பேர் வேண்டாம். ஒருவர் போதும். அவள் கணவன் லியோன்.

கப்பலில் வேலை பார்க்கும் லியோன் ஊருக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறுவான். சுவரைப் பார்த்து வாசித்துக்கொண்டிருப்பவளுக்குத் தெரியாமல் பின்னால் போய் உட்காரப் பார்ப்பான். ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அறை லேசாக அடங்கியதுமே, திரும்பாமல், "வந்தாச்சா?" என்பாள். காது அப்படி. கல்யாணமானதிலிருந்து இதே விளையாட்டுதான். போன வருடம் உப்புப் பெறாத ஒரு சண்டையில், இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான். போன் செய்தால் எடுப்பதில்லை. அவளும் வீம்பில் குறைந்தவள் இல்லை. ஒரு மாதத்தில் அழைப்பதை நிறுத்திவிட்டு மிதியை வாங்கினாள். ஆளெண்ணை ஒன்றில் வைத்ததும், அவன் இருந்தால் அறை எப்படி ஒலிக்குமோ அப்படியே ஒலித்தது. முதல் நாள் வாசிக்க முடியாமல் அழுதாள். பிறகு பாவி மனசு அதற்குப் பழகிவிட்டது, அது இல்லாமல் ஒரு பாட்டுக்கூட ஓடுவதில்லை.

அன்று வாசித்து முடித்துக் கீழே வந்தபோது தையல்கடைச் செல்லக்கனி தலையை நீட்டினாள்.

"லியோன் அண்ணாச்சி இப்பதான் மாடியிலருந்து இறங்கிப் போறாவ. முகமே சரியில்ல. சண்டை இன்னும் தீரலியாக்கா?"

எமரென்சியா திரும்ப மாடிக்கு ஓடி மிதியின் திரையில் அன்றைய கணக்கைப் பார்த்தாள். ஐந்து பத்திலிருந்து ஐந்து இருபத்தொன்று வரை, வாசிப்பவர் நீங்கலாக அறையில் ஒருவர். மிதி சேர்த்தது சுழியம். நிஜ ஆள் வந்ததும் மிதி தன் ஆளை எழுப்பி அனுப்பிவிட்டு, அவன் போனதும் மறுபடி உட்கார வைத்திருக்கிறது. அவள் காதுக்கு மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியவில்லை.

உடனே அவனை அழைத்தாள். இந்த முறை லியோன் எடுத்தான்.

"ரெண்டு சுரத்துல கண்டுபிடிச்சிருவ நீ," என்றான். "ரெண்டு பாட்டு முடியுற வரைக்கும் உக்காந்திருந்தேன். வந்தாச்சான்னு நீ கேப்பன்னுதான் காத்திருந்தேன். நாளைக்குக் கப்பல் ஏறுறேன். நான் வந்தது தெரிஞ்சுதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

தெரியவில்லை என்பதுதான் உண்மை. சொன்னால் ஏன் என்று கேட்பான். உன் இடத்தில் ஒரு பெட்டியை உட்கார வைத்தேன், உனக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று கட்டினவனிடம் எந்த வாயால் சொல்வது? கோபக்காரி என்று அவன் நினைத்துவிட்டுப் போகட்டும், அது தேவலை.

"தெரிஞ்சுது," என்றாள். "வேணும்னுதான் திரும்பல."

"சரி," என்றான் லியோன். "எங்க என்னை மறந்துட்டியோன்னு நெனச்சேன். அது இல்லல்ல, போதும்." வைத்துவிட்டான்.