தாளில் எழுதப்பட்டவர்

அன்று மாலை நான்கு மணிக்கு முன்னறையில் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற சர்வேயர், அவர் மனைவி, மூளை ஆராய்ச்சி செய்யும் மனைவியின் தங்கை, அவளோடு ஊசி போட வந்த நர்ஸ். மொத்தம் நான்கு பேர். வாசற்கதவு சாத்தியிருந்தது. வேறு யாரும் வருவதாக இல்லை.

மனைவி தட்டில் ஐந்து கப் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

நாற்பது வருடம் நிலம் அளந்தவருக்கு எண்ணிக்கை தானாகக் கண்ணில் விழும். ஆளுக்கொன்று எடுத்தபின் ஐந்தாவது கப்பை அவள் ஜன்னலோரக் காலி நாற்காலிக்கு எதிரே நகர்த்தி, கைப்பிடியை வலப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"ஒண்ணு கூடுதலா இருக்கே," என்றார் சர்வேயர்.

"அவர் வருவார்ல."

"எவர்?"

அவள் சிரித்தாள். முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததில்லை.

தங்கைக்கு ஒரே சந்தோஷம். "மூணு மாசம் முன்னாடி கப்பு எதுக்குன்னே தெரியாம முழிச்சா அத்தான். இப்ப டீயே போட்டுட்டா. எண்ணிக்கையில ஒண்ணு பிசகினா என்ன? உங்க ஆபீஸ்ல பிசகாததா?"

"என் அளவு பிசகினதில்ல."

"தெரியாதா. எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்தப்பவே வாசப்படி உயரத்தை அளந்து குத்தம் சொன்னவராச்சே."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். சர்வேயர் சிரிக்கவில்லை.

தங்கையின் ஆராய்ச்சியை அவர் இவ்வளவுதான் புரிந்து வைத்திருந்தார். மூளையில் காவல் செல்கள் உண்டு. வயதானால் அவை காரணமில்லாமலே மிரண்டு, அழற்சியைக் கிளப்பி, நினைவுகளைக் கட்டியிருக்கும் இணைப்புகளைத் தின்றுவிடும். மருந்து அந்தக் காவலை அடக்கும். அடங்கியதும் இணைப்புகள் திரும்ப முளைக்கும். முளைப்பது சரியாக முளைக்கிறதா என்று பார்க்க நாற்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று. பதில்களை நெருங்கிய உறவினர் எழுதித் தர வேண்டும். வாராவாரம் ஊசிக்குப் பின் நர்ஸ் கேள்விகளைக் கேட்பாள். நோயாளிக்குப் பதில் வராவிட்டால் தாளில் இருப்பதைப் படித்துக்காட்டி, அடுத்த வாரம் அது மனதில் நிற்கிறதா என்று பார்ப்பாள்.

தாளை எழுதியவர் சர்வேயர்.

கணவர் உங்களை எப்படிக் கூப்பிடுவார்? அவர் மனைவியைப் பெயர் சொல்லியோ செல்லம் கொஞ்சியோ கூப்பிட்டதில்லை. 'இந்தா' என்பார். மைத்துனி படிக்கப் போகும் தாள் என்பதால் 'ராசாத்தி' என்று எழுதினார். உடம்பு சரியில்லாதபோது யார் கவனிப்பார்? 'கணவர். தலை சீவிப் பின்னிவிடுவார்.' சீப்பை அவள் தலையில் அவர் ஒருநாளும் வைத்ததில்லை. குழந்தை இறந்த இரவு யார் உடன் இருந்தார்? இந்தக் கேள்வியில் பேனா வெகுநேரம் நின்றது. அன்று அவர் மலையடிவாரத்தில் ஓர் அணைக்கு நிலம் அளந்துகொண்டிருந்தார். செய்தி வந்தபின்னும் வேலையை முடித்துவிட்டு மூன்றாம் நாள்தான் வந்தார். 'கணவர்,' என்று எழுதினார். 'விடியும்வரை கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.'

மறதி நோய் முற்றியிருந்த அவளுக்கு எந்தப் பதிலும் தெரியவில்லை. எல்லாவற்றையும் நர்ஸ் படித்துக்காட்டினாள். வாராவாரம்.

ஐந்தாவது கப்புக்குப் பிறகு வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள். மத்தியானம் அவர் கண்ணயரும் நேரத்தில் மனைவியின் அறையிலிருந்து தாழ்ந்த பேச்சு கேட்கும். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், பிறகு ஒருவர் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்குச் சரியாக ஓர் இடைவெளி, பிறகு மூச்சு வாங்கும்படி ஒரு சிரிப்பு. அவர் கதவைத் திறந்தால் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, வாடகை கேட்க வந்தவனைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்ப்பாள்.

"யார்கிட்ட பேசிட்டிருந்த?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட."

"நான்தானே உன் வீட்டுக்காரன்."

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே முயன்று பார்த்தாள். "நீங்க அவர் ஜாடைதான். ஆனா அவர் சிரிப்பார்."

அவருக்கு முதலில் வந்தது பயம் அல்ல. அறுபத்தொன்பது வயதில், தன் கையெழுத்தில் பிறந்த ஒருவன் மீது, கல்யாணமான புதிதில் கூட வராத பொறாமை வந்தது. அந்த நாற்காலியை எடுத்து மாடியில் போட்டார். மறுநாள் அது ஜன்னலோரத்திலேயே இருந்தது. இருக்கையில் கை வைத்தார். சூடாக இருந்தது. வெயில் அந்தப் பக்கம் வருவதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நர்ஸ் வரும் நாள் அல்ல, வீட்டில் அவர்கள் இருவர்தான். மத்தியானம் மனைவி அறையிலிருந்து வெளியே வந்தபோது தலைமுடி பின்னியிருந்தது. மூன்று கால் பின்னல், நுனிவரை ஒரே இறுக்கம். இரண்டு வருடமாக அவளுக்கு வலது தோள் இறுகிக் கிடக்கிறது. கை தோளுக்கு மேல் எழும்பாது.

அன்று மாலையே தங்கை வந்தாள், கையில் தாளோடு. அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

"அத்தான், ஒண்ணு கேக்கணும். மருந்து வேலை செய்யுது. ஆனா அக்கா உங்களையே யாரோன்னு சொல்றா. தாள்ல ஏதாவது தப்பா இருந்தா முளைக்கிற இணைப்பெல்லாம் அந்தத் தப்பைச் சுத்தித்தான் முளைக்கும். இப்ப சொன்னீங்கன்னா நிறுத்திட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். அப்புறம்னா முடியாது." தாளில் விரலை வைத்தாள். "குழந்தை போன அன்னிக்கு நீங்க வீட்டுல இருந்தீங்களா? எனக்கு அப்ப எட்டு வயசு. சரியா ஞாபகமில்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவளை மீட்க ஒரே ஒரு சொல் போதும். இல்லை என்ற சொல். அது அவர் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால் மைத்துனி இந்த வீட்டை எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

முதுகை நேராக்கிக்கொண்டார். "நான் எழுதினது தப்பாகாது."

"அப்போ சரி." தங்கை தாளை மடித்தாள். "மீதி ஊசியையும் போட்டுடறேன்."

பக்கத்து அறையில் பேச்சு நின்றது. யாரோ காதைச் சுவரில் வைத்துக் கேட்டுவிட்டு, திருப்தியோடு விலகியதைப் போல.

கடைசி ஊசி போட்ட மறுநாள். மணி மூன்று. நல்ல வெயில். தெருவில் ஒரு வண்டி கூட இல்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், தன் இடது கையைப் பார்த்தபடி. அதில் மோதிர விரல் பாதிதான் உண்டு. அளவுக் கருவியின் முக்காலி மடங்கியபோது நசுங்கிப் போனது. மனைவியின் அறையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. கூடவே, அவர் இளமையில் போட்டுக் குளித்து, கம்பெனி மூடியதால் விட்டுவிட்ட சோப்பின் வாசனை.

சீப்பு முடியில் இறங்கும் சத்தம். நிதானமாக. மறுபடியும்.

எழுந்தார். கதவு ஒருக்களித்திருந்தது.

அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் மடியில். கண் மூடியிருந்தது.

பின்னல் வளர்ந்துகொண்டிருந்தது.

முடியின் ஒரு கால் மேலே. ஒரு கால் கீழே. அவளுக்குப் பின்னால், முன்னறையில் இருந்த அந்த ஜன்னலோர நாற்காலி. அதில் முழங்கால்கள். சட்டைக் கை, அவருடையது. மணிக்கட்டு, அவருடையது. இடது கை.

ஐந்து விரல். முழுசாக.

நசுங்கிய விரலைப் பற்றித் தாளில் அவர் எழுதவில்லை.

"ராசாத்தி," என்றது அவர் குரல். அவர் வாய் திறக்கவில்லை.

மனைவி கண்ணைத் திறந்தாள். கதவருகே நிற்பவரைப் பார்த்தாள். கோபமில்லை. அடையாளமும் இல்லை.

"கதவைச் சாத்திட்டுப் போங்க," என்றாள். "எங்களுக்குக் காத்து வேண்டாம்."

அவர் சாத்தினார்.

தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. சர்வேயர் வெளியேதான் விறைப்பு, உள்ளே தங்கமான மனுஷன், இந்த வயதிலும் தினம் மூன்று மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பெண்டாட்டிக்குத் தலை பின்னிவிடுகிறார் என்று எதிர்வீட்டார் மெச்சிச் சொல்கிறார்கள். குடும்பத்துக்குப் பெருமைதான். ஆனாலும் அது தவறு. மூன்று மணிக்குச் சர்வேயர் ஜன்னலோரம் இருப்பதில்லை. சமையலறையில் நின்று தேநீர் போடுகிறார். இரண்டு கப். அறைக்குள் இருக்கும் இருவருக்கு.