ஏழாம் நம்பர் கார் திரும்பவில்லை

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் சகாயராணி அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். உப்புமா! தவக்காலம் முடிகிறவரை கறி கிடையாது. திண்டுக்கல்லில் பிறந்துவிட்டு, காலையிலேயே கிளம்பும் பிரியாணி வாசனையை மோந்துகொண்டு உப்புமா தின்பதைவிட ஒரு தண்டனை உண்டா?

எரிச்சலோடு போனை எடுத்தாள்.

"மேடம்... மில் கஸ்பார் பேசுறேன். என் ட்ராக்குல ஒரு கார் சுவத்துல மோதிருச்சு."

"ஓட்டுன ஆளு?"

"அஃப்சானான்னு ஒரு பொண்ணு. முடிஞ்சிருச்சு மேடம்."

டிபன் பாக்ஸ் மூடிக்கொண்டது.

ஜீப் ஓட்ட கான்ஸ்டபிள் ஆரிபாவைத் தேடி ரெக்கார்ட் ரூம் கதவைத் தள்ளினாள். உள்ளே ஆரிபா. கையில் பாதி கடித்த பன்! ரமலான் நோன்பு என்று சொல்லி, சற்றுமுன் டீயை வேண்டாம் என்றவள். சட்டென்று பன்னை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு திருட்டு முழி முழித்தாள்.

பசி தாங்கவில்லை போலிருக்கிறது, பாவம். சகாயராணி ஒன்றும் கேட்கவில்லை. அங்கே ஒரு பிணம் காத்திருந்தது.

எரியோட்டைத் தாண்டி, முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே, கஸ்பாரின் சொந்த ரேஸ் ட்ராக். நூல் மில்லில் சம்பாதித்ததையெல்லாம் மனிதர் தார் ரோடாக ஊற்றியிருந்தார். எல்லாம் ஒரே மகள் பிரிஸ்கில்லாவுக்காக.

ஏழாம் நம்பர் கார் வளைவில் வளையவே இல்லை. நேராக வந்து, நேராக மோதியிருந்தது. ரோட்டில் பிரேக் பிடித்த கறுப்புக் கோடு ஒன்றுகூடக் கிடையாது.

அஃப்சானா இன்னும் சீட்டில்தான் இருந்தாள். சிவப்பு ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை. கழுத்துதான் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

கஸ்பார் விவரம் சொன்னார். ஐரோப்பாவில் பெண்கள் மட்டும் ஓட்டுகிற பெரிய ஃபார்முலா பந்தயம். அதில் ஓர் அணி, கஸ்பாரிடம் பயிற்சி எடுக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு இடம் தர முன்வந்திருந்தது. வெயிலுக்கு முன்னால் நடந்த இன்றைய ஓட்டத்தில் யார் வேகமோ, அவளுக்கு. ஒருத்தி பிரிஸ்கில்லா. இன்னொருத்தி, நாகல் நகர் தோல் வியாபாரி வீட்டுப் பெண் அஃப்சானா.

"ரெண்டு பேருல யாரு வேகம்?"

கஸ்பார் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அஃப்சானாதான் மேடம்... எப்பவுமே."

காரை மேய்க்கும் மெக்கானிக் அழகர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். பிரேக் பழுதில்லை. ஸ்டியரிங் பழுதில்லை. கடைசி ரவுண்டில் தங்கச்சி தூங்கி விழுந்த மாதிரி தலை தொங்கிப் போச்சு என்றான்.

அவன் சொன்னது அப்படியே நிஜம்!

சாயங்காலம் போஸ்ட்மார்ட்டம் டாக்டர் போனில் வந்தார். வயிற்றில் தூக்க மாத்திரைத் தூள்... ஒரு யானையைப் படுக்க வைக்கிற அளவு.

யார் கொடுத்தது? எங்கே கொடுத்தது?

இங்கே இல்லவே இல்லை என்றார் கஸ்பார். அந்தப் பெண் நோன்பு, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அழகரும் அதையேதான் சொன்னான். பிரிஸ்கில்லா அழுதுகொண்டே சொன்னாள்.

"விடியுறதுக்கு முன்னாடி அவங்க வீட்ல சாப்ட்டதுதான் மேடம். இங்க வந்து வாய்கூடக் கொப்பளிக்கல."

ஆக, வீடு!

வீட்டில் யார்? அத்தா இறந்து வருஷக்கணக்கு. அம்மா சர்புன்னிசா. அண்ணன் அப்துல் ஹாதி. இந்த ஹாதிதான் போன வாரம் தெருவே கேட்கக் கத்தியிருந்தான், இனிமே கார்ல ஏறுனா காலை ஒடச்சிருவேன் என்று. கேட்ட சாட்சிகளுக்குப் பஞ்சமே இல்லை.

தூக்கி உள்ளே வைத்தாள் சகாயராணி.

"கோவத்துல சொன்னேன் மேடம். நோன்பு வச்சிருக்க புள்ளைக்கு சஹர் சாப்பாட்டுல விஷம் வப்பனா? கூடத்தான நானும் உக்காந்து தின்னேன்?"

"அவ தட்டுல மட்டும் போட்ருப்ப."

ஹாதி லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஜனாசா அடக்கத்துக்கு மட்டும் விடுங்க. மண்ணுதான் போடணும். போட்டுட்டு வந்துர்றேன்."

சகாயராணி விடவில்லை. கொலைகாரன் கையால் என்ன மண் வேண்டிக்கிடக்கிறது?

அண்ணன் லாக்கப்பில் இருக்க, தங்கையை அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் காலை சர்புன்னிசா தனியாக ஸ்டேஷனுக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஆண் போலீஸையெல்லாம் செத்த நேரம் வெளியே அனுப்பச் சொன்னாள். கதவைச் சாத்தச் சொன்னாள். அறையில் மூன்று பெண்கள் மட்டும்.

"ஆம்பளைக இருக்கையில இத எப்புடிச் சொல்ல..." சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். "எம்புள்ளைக்கு அன்னிக்கு நோன்பே கெடையாதும்மா."

"என்னது?"

"மாசாமாசம் வார நாளு. அந்த நாள்ல எங்களுக்கு நோன்பு இல்ல. ஆனா வீட்டு ஆம்பளைக்குக் காட்டிக்க மாட்டோம். சஹருக்கு எந்திரிச்சு தட்டு முன்னாடி சும்மா உக்காருவோம். அவ ஒரு வாய் திங்கல. எங்கூட வந்து ஒக்காந்துட்டுப் போயிட்டா. ஹாதி தூக்கக் கலக்கத்துல கவனிக்கல."

சகாயராணி மெல்லத் திரும்பினாள். ஆரிபா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

அந்தப் பன்!

கண் முன்னால் நின்றதே! நானும் ஒரு பொம்பளை, எனக்கு ஏன் உறைக்கவில்லை? சகாயராணிக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"பசிச்சா என்ன பண்ணுவான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ட்ராக்குல பிரிஸ்கில்லா இருக்காம்மா, அவ பாத்துக்குவான்னா. நேத்து அவட்டதான் பேடு வாங்குனேன்னா." சர்புன்னிசா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். "கூடப் பொறந்தவ மாதிரிம்மா அந்தப் புள்ள."

சகாயராணி அழகருக்குப் போன் போட்டாள். ஓட்டத்துக்கு முன்னால் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா?

ஒன்றுமில்லை, எடை மெஷின்தான் கோளாறு என்று சலித்துக்கொண்டான் அவன். இரண்டு காரும் ஆளோடு சேர்த்து ஒரே எடை இருக்க வேண்டுமாம். குறைந்தால் ஈயக்கட்டி வைப்பார்கள், கூடினால் எடுப்பார்கள். வந்ததும் ஒருதரம் நிறுத்தான். ஓட்டத்துக்கு முன் இன்னொருதரம்.

"அஃப்சானா தங்கச்சி அரைக் கிலோ கூடிருச்சு மேடம். நோன்பு புடிக்கிற புள்ள எப்புடி எடை ஏறும்? மெஷினத் திட்டிக்கிட்டே ஒரு கட்டிய எடுத்தேன்."

அரைக் கிலோ... ஒரு பெரிய பாட்டில் ஜூஸ்!

பெண்கள் உடை மாற்றும் அறை ட்ராக்கில் ஒன்றே ஒன்று. அதற்குள் போகக்கூடிய பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி மண்ணுக்குள்ளே இருந்தாள்.

கஸ்பார் வீட்டு ஹாலில் பிரிஸ்கில்லா உட்கார்ந்திருந்தாள். கறுப்புச் சுடிதார். துக்கம்! பக்கத்தில் கஸ்பார்.

சகாயராணி சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம்மா. அன்னிக்கு அஃப்சானா ட்ராக்குல எதாச்சும் குடிச்சாளா?"

"அவ நோன்பு மேடம். எப்டிக் குடிப்பா?"

"இதத்தான் உங்கப்பா சொன்னாரு. அழகர் சொன்னான். ஹாதியும் சொன்னான். அவங்களுக்குத் தெரியாது, சொன்னாங்க." சகாயராணி சேரை முன்னால் இழுத்துப் போட்டாள். "முந்தின நாள் அவளுக்குப் பேடு குடுத்தவ நீ. உனக்குத் தெரியும். நீ எதுக்குச் சொன்ன?"

பிரிஸ்கில்லா துப்பட்டா முனையை விரலில் சுற்றினாள்.

கஸ்பார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"சார், உங்களுக்குத் தூக்க மாத்திரைப் பழக்கம் உண்டா?"

"எம்பொஞ்சாதி போனதுலேருந்து... ஆனா அந்த அட்டையத்தான் ரெண்டு நாளாத் தேடிக்கிட்டு..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. மகளைப் பார்த்தார். விளங்கிவிட்டது.

பிரிஸ்கில்லா இப்போது அழவில்லை. அதுதான் பயங்கரம்.

"எலுமிச்சை ஜூஸ்தான். யாருட்டயும் சொல்லிறாதடின்னு சிரிச்சுக்கிட்டே குடிச்சா. பாட்டில் மொத்தமும். லேசாக் கசக்குதுன்னா... உப்பு போட்ருக்கேன்னேன்." அப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஒம்பது வயசுலேருந்து அவ கார் முதுகயே பாத்து ஓட்டிட்டு இருக்கேன்ப்பா. இருக்கது ஒரே ஒரு எடம். அதயும் அவ கொண்டு போனா எனக்கு என்ன இருக்கு?"

கஸ்பார் சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு இல்லம்மா..."

"என்னப்பா?"

"ரெண்டு. முந்தின நாளே போன் வந்துருச்சு. ரெண்டு பேருமே வேணும்னுட்டாங்க." அவர் குரல் கிழிந்தது. "சொன்னா ஆக்ஸிலேட்டர்லேருந்து கால எடுத்துருவீங்கன்னு சொல்லல. ஒரு தடவையாச்சும் நீ அவள முந்துறதப் பாத்துட்டு, அப்புறமாச் சொல்லலாம்னு இருந்தேன்..."

பிரிஸ்கில்லா அலறிய அலறலில் தெருவில் ஆட்டோ நின்றது.

ஜீப் கிளம்பியது. ஆரிபா ஓட்டினாள். இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது சகாயராணிக்கு... லாக்கப்பைத் திறந்துவிட வேண்டும். தங்கையின் குழியில் ஒரு பிடி மண் போட முடியாதவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

முன்னால் ஒரு லாரி. பின்சீட்டில் பிரிஸ்கில்லாவின் வலது கால் தானாக ஜீப்பின் தரையை அழுத்தியது. பழக்க தோஷம்!

பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள் சகாயராணி.

"மெதுவாவே போ ஆரிபா. பாப்பா முந்த வேண்டிய ஆளு முந்தியே போய்ச் சேந்துருச்சு."