ஆண் பூ இல்லாத தொட்டி

கல்லூரியிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் பின் அறைக்குப் போய் நீர்ச்செடித் தொட்டியைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. அன்று மாலையும் அப்படித்தான் பார்த்தாள். தண்ணீரின் மேல் பூவைக் காணவில்லை.

காலையில் இருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன வெள்ளைப் பூ, நூல் போன்ற நீண்ட காம்பின் நுனியில், தண்ணீரை லேசாகக் குழித்துக்கொண்டு மிதந்தது. அதனிடம் வரேன் என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினாள். செடியிடம் சொல்லிக்கொண்டு போகிறவளைப் பைத்தியம் என்பார்கள். ஆனால் அந்த வீட்டில் வேறு யாரிடம் சொல்வது? பூ உதிர்ந்திருந்தால் மிதக்க வேண்டும். அழுகியிருந்தால் காம்பாவது நிற்க வேண்டும். குனிந்து கண்ணாடி வழியே பார்த்தாள். காம்பு சுருள் சுருளாகச் சுருண்டு, பூவை அடிமணல் வரை இழுத்து வைத்திருந்தது.

வேறு யாருக்கும் அது ஒரு விஷயமே இல்லை. அவள் கைப்பையை அப்படியே தரையில் போட்டாள்.

பாசி என்று ஒரே சொல்லில் ஊர் தள்ளிவிடுகிற கூட்டத்தில் பாதி பாசியே இல்லை என்று விளக்குவதிலேயே அவளுடைய பாதி ஆயுள் போயிருந்தது. அவை பூக்கும் செடிகள். என்றோ தரையில் வாழ்ந்து, பிறகு என்ன மனக்கசப்போ, திரும்பத் தண்ணீருக்குள் இறங்கிப் போனவை. போன பிறகு விறைப்பான தண்டை விட்டன, இலையில் மூச்சுத் துளைகளை விட்டன; பூவை மட்டும் விட முடியவில்லை. இந்த வகையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடி தன் பூவை மேலே அனுப்பிக் காத்திருக்கும். ஆண் செடி அடியில் இருந்தபடியே நொய்யளவு பூக்களைக் கழற்றி விடும். அவை குமிழி போல மேலேறி, மிதந்து, பெண் பூவிடம் வந்து சேரும். மகரந்தம் பட்டதும் காம்பு சுருண்டு பெண் பூவைக் கீழே இழுத்துக்கொள்ளும். யாரும் வராவிட்டால் பூ மேலேயே கிடந்து அழுகும். இந்தத் தொட்டியில் இருந்தது ஒரே ஒரு பெண் செடி.

அதைக் கொண்டுவந்தவர் அவள் கணவர். ஏரி, குட்டை, கால்வாய் என்று எதையும் விடாமல் முங்கிச் செடி எடுப்பது அவர் வேலை. தாவரவியல் துறையில் அவருக்கு நீர்க்காக்கா என்று பெயர். அவர் எடுத்து வருவதை இனம் கண்டு பெயர் சொல்வது அவள் வேலை. "நான் பெத்துப் போடறேன், நீ பேர் வை" என்பார். குழந்தையில்லாத வீட்டில் அந்த வேடிக்கையைச் சொல்லும் தைரியம் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவள் லேசில் பெயர் வைக்க மாட்டாள். பத்து அடையாளம் ஒத்துப்போய் ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் இது வேறு என்று ஒதுக்கிவிடுவாள். அதனால் அவர் அவளை ஜட்ஜம்மா என்று கூப்பிட்டார். இந்தச் செடிக்கும் தீர்ப்பு நின்றுபோயிருந்தது, ஆண் பூவைப் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும் என்பதால். ஜட்ஜம்மாவுக்குச் சாட்சி வேணுமாம் என்று சிரித்துக்கொண்டே அவர் மறுநாள் அதே ஏரிக்குப் போனார். அவருடைய பைக் கரையில் நின்றது. அவர் திரும்பவில்லை.

வெகு நாள் கழித்து, மதகுக்கு அப்பால் கால்வாய் ஓரத்தில் ஓர் உடல் ஒதுங்கியது. பிணவறையில் போலீஸ்காரர் துணியை விலக்கி, "பார்த்துச் சொல்லுங்கம்மா, இவர்தானா?" என்று கேட்டார். முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அவள் வலது கையைக் காட்டச் சொன்னாள். கல்யாணமான புதிதில் செடித் தண்டைச் சீவும்போது பிளேடு வழுக்கி, அவர் கட்டைவிரல் ரேகையின் குறுக்கே சாய்வாக வெட்டியிருந்தது. அந்தத் தழும்பு கடைசி வரை மறையாத கோடாக நின்றது. ஈரக் கட்டைவிரலை அவள் கன்னத்தில் அழுத்தி, முத்திரை குத்தியாச்சு என்பார். துணிக்கடியில் கிடந்த கையில் தோலே இல்லை. தண்ணீரில் ஊறினால் கையுறை மாதிரி கழன்றுவிடும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இல்லாத அடையாளத்தை எப்படி ஒத்துக்கொள்வது? "இவர்னு என்னால சொல்ல முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள். அவருடைய தங்கை அழுது, சண்டை போட்டு, தன் ரத்தத்தைக் கொடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வரும்வரை உடல் பிணவறைப் பெட்டியில் இருந்தது. முடிவு வரும்வரை அவர் எங்கோ உயிரோடும் இருந்தார். அவளுக்கு அது போதும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சத்தில் தொட்டி மட்டும் லேசாகப் பச்சையாகத் தெரிந்தது, அதிலிருந்து வந்த வாசனை தொட்டியின் வாசனை இல்லை, சேறும் ரப்பர் பூட்ஸும் நனைந்த துண்டும் கலந்த வாசனை, வாசலிலேயே நிறுத்திக் குளித்துவிட்டு உள்ளே வாங்க என்று அவள் அத்தனை வருஷம் விரட்டிய வாசனை. அவள் கண்களை மூடிக்கொண்டு அதை நெஞ்சு நிறைய இழுத்தாள். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஏக்கம் பெரிதாக இருந்தது.

கண்ணைத் திறந்தபோது தண்ணீரின் மேல் வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது.

போன் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். ஆண் பூக்கள். நொய்யளவு, மூன்று இதழ்களையும் கால்களைப் போல மடித்துத் தண்ணீரின் மேல் நின்றுகொண்டு, காற்றே இல்லாத அறையில் அவள் இருந்த பக்கமாக மெல்ல நகர்ந்து வந்தன. அடியில் மணலிலிருந்து இன்னும் சில கழன்று மேலேறின. அந்த இடத்தில் செடி இல்லை, வேர் இல்லை, வெறும் மணல்தான். பழக்கம் பயத்தை முந்திக்கொண்டது. தூரிகை நுனியில் ஒன்றை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டினாள். முதலில் மகரந்தத் தாள்களை எண்ண வேண்டும் என்று குனிந்தவள் இதழிலேயே நின்றுவிட்டாள். இதழில் நரம்பு ஓட வேண்டும். இதில் ஓடியது நரம்பு இல்லை. வளையத்துக்குள் வளையமாகச் சுழித்துக்கொண்டு போகும் ரேகை. அதன் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு.

இன்னொன்றை எடுத்தாள். அதே ரேகை. அதே வெட்டு.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிணவறையில்கூட அப்படி அழவில்லை. சொன்னேன் இல்லையா, நான் சொன்னேன் இல்லையா என்று திரும்பத் திரும்ப யாரிடமோ சொன்னாள். அந்தக் கை அவருடையது இல்லை, அவருடைய கை இங்கே இருக்கிறது. அது எப்படி என்று கேட்கிற அறிவு உள்ளுக்குள் எங்கோ நின்று கத்தியது. அவள் அதன் பக்கம் திரும்பவில்லை.

போன் அடித்தது. அவருடைய தங்கை. தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிட்டுச் சாப்பிட்டாளா என்று கேட்பவள், இன்று அதைக் கேட்கவில்லை.

"அண்ணி, முடிவு வந்திருச்சு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அது அண்ணன்தான், அண்ணி. ஒரு சந்தேகமும் இல்லையாம்." தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "காலையில நான் வந்துடறேன். ரெண்டு பேருமாப் போய் அண்ணனைக் கூட்டிட்டு வந்துடலாம். உங்க மேல எனக்குக் கோபமெல்லாம் இல்ல."

கூட்டிட்டு வரலாம் என்று தங்கை சொன்ன விதம், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஒருவரை அழைத்து வருவது போல இருந்தது. அவள் சரிம்மா என்றாள். இன்றைக்குத் தனியாக இருக்க வேண்டாம், பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்று தங்கை கெஞ்சியதற்கும் சரி என்றாள். பேசி முடித்துப் போனை ஹாலில் மேசைமேல் வைத்தாள். அவர் பெட்டியில் இருக்கிறார். அவ்வளவு நாளும் அங்கேதான் இருந்திருக்கிறார், குளிரில், பெயர் இல்லாமல். பெயர் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

அப்படியானால் தொட்டியில் இருப்பது என்ன?

இந்தக் கேள்வி வந்த பிறகுதான் அந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று தோன்றியது. சாவியை எடுத்தாள். குடையை எடுத்தாள். பின் அறைக் கதவைப் பார்க்காமலே சாத்தினாள், அதன் அடியிலிருந்து தண்ணீர் ஒரு கோடாகக் கசிந்து வந்து அவள் கால் விரலைத் தொட்டது, வெதுவெதுப்பாக இருந்தது. வாசல் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

டொக். டொக்.

கண்ணாடியில் நகத்தால் தட்டும் சத்தம். சாவியை மறந்துவிட்டுப் போகும் நாளெல்லாம் அவர் ஜன்னலில் அப்படித்தான் தட்டுவார், நகத்தால், அதிராமல், அவள் வேலையைக் கலைக்காமல். இன்று சத்தம் ஜன்னலிலிருந்து இல்லை. பின் அறை.

போகக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். மழை பெய்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள், யாரோ சிரித்தார்கள், பத்தடி நடந்தால் மனிதர்கள். அவள் நின்றாள். நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும். நாளைக்குப் பிறகு ஜன்னலில் யாரும் தட்டப்போவதில்லை, சாகும்வரை.

டொக். டொக்.

குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

பின் அறையில் தொட்டித் தண்ணீர் விளிம்பு வரை ஏறியிருந்தது. மேலே வெள்ளைப் பூக்கள் அடை போலத் திரண்டு நின்றன. அவள் கிட்டே போனதும் நடுவில் விலகி, ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விட்டன. தொட்டி முழங்கை ஆழம். அவள்தான் மணல் பரப்பினாள், அவளுக்குத் தெரியாதா? வளையலைக் கழற்றினாள். கையை விட்டாள்.

முழங்கை நனைந்தது. மணல் வரவில்லை.

தோள் நனைந்தது. மணல் வரவில்லை.

ஒரு கை அவள் கையைப் பிடித்தது.

பெரிய கை. கொஞ்சம் சொரசொரப்பு. அவள் விரல்களுக்கு நடுவே எப்படிப் பொருந்த வேண்டுமோ அப்படியே பொருந்தியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சுண்டுவிரல் வளைவு, சரி. உள்ளங்கைக் காய்ப்பு, சரி. கட்டைவிரல். ரேகை. சாய்வாக வெட்டு. சரி. விரலோடு கீழே போனாள். ஒரு கணு. இன்னொரு கணு. கட்டைவிரலுக்கு அதோடு முடிய வேண்டும்.

இன்னொரு கணு.

அதற்கு அப்பாலும் ஒன்று. அதற்கும் அப்பால். தண்டு போல, கணு கணுவாக, அடியில்லாத இடத்துக்குள் இறங்கிப் போயிற்று.

ஓர் அடையாளம் ஒத்துப்போகவில்லை. வேறு இனம்.

மணிக்கட்டில் நூல் போல ஏதோ சுற்றியது. மெல்ல. இறுக்கமே இல்லை, வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஹாலில் போன் மறுபடி அடித்தது. காலையில் வரேன் என்றவள்தான், பக்கத்து வீட்டுக்குப் போயாச்சா என்று கேட்கத்தான் இருக்கும். ஒருமுறை அவர் கையைப் பார்த்து இல்லை என்று சொல்லியாயிற்று. குளிரில் போட்டுவிட்டு வந்தாயிற்று. இன்னொருமுறை அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை.

"இவர்தான்" என்றாள்.

மணிக்கட்டில் காம்பு ஒரு சுற்றுச் சுருண்டது.

தோள் இறங்கியது. கன்னம் தண்ணீரைத் தொட்டது, அங்கே ஈரமாக ஒரு கட்டைவிரல் வந்து அழுந்தியது. கொண்டை அவிழ்ந்து முடி தண்ணீரில் பரவியது. போன் அடித்து ஓய்ந்தது. நீர்ச் செடியை உலர்த்திப் பாதுகாக்கத் தாளில் ஏற்றும்போது, தட்டில் தண்ணீர் நிரப்பி அதை மிதக்க விட்டு, இலைகளைத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவது அவர் வேலை. அவ்வளவு பொறுமை அவளுக்குக் கிடையாது. இருண்ட அறையில் அவள் தலைமுடியை அடியிலிருந்து விரல்கள் பிரித்து வைக்கத் தொடங்கின, நிறைய விரல்கள், இழை இழையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல்.