அக்காவின் செல்கள்

ஆய்வகத் தட்டில் இருந்த செல்கள் எல்லாம் அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகவே ஒதுங்கிக் கிடந்தன. நேற்றுச் சீராகப் பரப்பி வைத்தவை. தட்டு சாய்ந்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதைத் திருப்பி வைத்துவிட்டு, சாப்பிட்டு வந்து நுண்ணோக்கியில் மறுபடி கண் வைத்தாள்.

திரும்பவும் அவள் பக்கமே.

அவை, இறந்துபோன அவளுடைய அக்காவின் செல்கள். "என் உடம்புல கை வைக்காதே. வச்சே, செத்தாலும் உன்னை விடமாட்டேன்" என்று நோய்ப்படுக்கையில் அக்கா சொல்லியிருந்தாள். மயக்க மருந்தில் அவள் கண் சொருகிய நேரம் பார்த்து ஊசி குத்திச் செல்களை எடுத்தது தங்கைதான். ஆராய்ச்சிக்குத்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?

மனித இனம் தோன்றும் முன்பே நம் மூதாதையர் உடம்பில் புகுந்த வைரஸ்களின் மிச்சம் நம் எல்லோரின் மரபணுவிலும் உறங்குகிறது. சில புரதங்கள் பூட்டுப் போல அதை அடக்கி வைத்திருக்கின்றன. அக்காவின் செல்களில் தங்கை அந்தப் பூட்டைப் பிடுங்கிவிட்டாள். வைரஸ் எழுந்தால் பச்சையாக ஒளிரும் சாயத்தையும் விட்டிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துத் தட்டில் அவளுடைய சொந்தச் செல்கள்; அதிலும் அதே சாயம்.

"மேடம், ரெண்டு தட்டுமே ஒளிருது" என்றாள் உதவிக்கு இருந்த பெண். "உங்க செல்லுலயும் பூட்டை எடுத்துட்டீங்களா?"

"நான் அதைத் தொடவே இல்லையே."

"அக்கா முழிச்சா தங்கச்சிக்கு மட்டும் தூக்கம் வருமா?" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வேறு சாயம் எடுத்துவரப் போனாள்.

ஜன்னலில்லாத அறை. நீல விளக்கு மட்டும் எரிந்தது. குளிர்பெட்டியின் முனகலுக்கு அடியில் ஈரமாக ஏதோ உரசும் சத்தம். பினாயில் நெடியை மீறி, அக்கா படுத்திருந்த அறையின் புளித்த வியர்வை நாற்றம். எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். பிளீச் பாட்டிலை எட்டி எடுத்தாள்.

பாட்டிலைப் பிடித்த கையில் பச்சை. கையுறைக்குள்ளே.

உருவி எறிந்தாள். நகக்கண்ணில் பச்சை. மணிக்கட்டில். நரம்போடு மேலே.

சாயம் அவள் மேல் படவே இல்லை.

கை பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தது. அவள் வைக்கவில்லை.

"அக்கா... வேண்டாம்க்கா."

கை அக்காவின் தட்டை மூடியிருந்த கண்ணாடியைத் தள்ளியது. ஐந்து விரல்களும் உள்ளே இறங்கின. செல்கள் விரல்களில் ஏறத் தொடங்கின.